டெட் எண்டில் ஒரு தூளி

என்னிடம் வேலை பழக வந்தவர்களை முதல் நாள் நான் சிக்னல் கேபினுக்குக் கூட்டிப் போனதில்லை. கூட்ஸ் ஷெட்டைத் தாண்டி, தண்டவாளம் முடிகிற இடத்துக்குத்தான் கூட்டிப் போவேன். பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். ரயில் ஓடுவதைப் பார்க்க வந்தவனை ரயில் போகாத இடத்தில் நிறுத்தினால் யாருக்குத்தான் பிடிக்கும்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கூட்டிப் போக என்னிடம் யார்டு இல்லை. திண்டுக்கல்லில் இருந்த அந்த இடமும் அகலப் பாதை வந்தபோது மண்ணுக்கடியில் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். சிக்னலையும் விதிகளையும் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரு டிரைவரைப் பற்றி. அவர் பெயரை எழுத மாட்டேன். இருந்திருந்தால் அவரே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்.

எண்பதுகளில் நான் திண்டுக்கல்லில் அசிஸ்டெண்ட் ஸ்டேஷன் மாஸ்டர். மீட்டர் கேஜ் காலம், நீராவி எஞ்சின்கள். பகலில் யார்டு என் பொறுப்பு. கூட்ஸ் ஷெட்டுக்கு வேகன்களைத் தள்ளிக் கொண்டுவந்து நிறுத்த ஒரு தனி லைன் உண்டு. ஷெட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ஓடி, அதற்கு மேல் போக இடமில்லாமல் அது முடிந்துவிடும். முடியும் இடத்தில் இரண்டு தண்டவாளங்களையும் மேல்நோக்கி வளைத்து, குறுக்கே ஒரு கனத்த மரக்கட்டையை வைத்து இறுக்கி, பின்னால் இரண்டு இரும்பு முட்டுகள் கொடுத்திருப்பார்கள். கட்டைக்குச் சிவப்புச் சாயம். தப்பித் தவறி வேகன் உருண்டு வந்தால் அந்தக் கட்டை தடுத்து நிறுத்த வேண்டும். நாங்கள் அந்த இடத்தை டெட் எண்ட் என்போம்.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் கட்டையில் சாய்ந்துகொண்டு பீடி பிடிப்பார்கள். சிறுமலை வாழைத்தாரோடு லாரிக்குக் காத்திருப்பவர் ஷெட்டில் எத்தனையோ நிழல் இருக்க அங்கே போய்க் குந்துவார். ஒருநாள் கன்னிவாடிப் பக்கத்து விவசாயி ஒருவர் உர மூட்டை எடுக்க வந்தவர், தண்டவாளத்தின் வளைந்த நுனியில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மாட்டின் மூக்கைத் தடவுவதுபோல அதைத் தடவினார்.

"இம்புட்டுத்தானா தம்பி? இதோட முடிஞ்சிருச்சா?" என்று என்னிடம் கேட்டார்.

"இந்த லைன் இதோட முடிஞ்சதுய்யா."

"ரயிலு ரோடுன்னா முடிவே கெடையாதுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்." இன்னொரு முறை தட்டிப் பார்த்தார். "முடியிற எடம் கெட்டியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மூட்டையைப் பார்க்கப் போனார்.

அந்த டிரைவர் எங்கள் யார்டுக்கு மாற்றலாகி வந்தபோது அவருக்கு நாற்பது வயது இருக்கலாம். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். அதற்கு முன் எக்ஸ்பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். அவருடைய வண்டியில் அடிபட்டு ஒருவர் இறந்துபோனார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்மேல் தவறில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள் என்பதும் தெரியும். அதற்கப்புறமும் அவர் எழுதிக் கேட்டு ஷண்டிங் எஞ்சினுக்கு வந்தார். யார்டுக்குள் வேகன்களை இழுப்பதும் தள்ளுவதுமான வேலை. எக்ஸ்பிரஸ் டிரைவர் யாரும் தானாகக் கேட்டு வாங்குகிற வேலை இல்லை அது.

ஆரம்பத்தில் அவரைக் கேலி பேசினார்கள். ஷெட்டில் வியாபாரிகள் வேகனை எப்போது நிறுத்துவார்கள், எப்போது சரக்கை இறக்கலாம் என்று பறந்துகொண்டிருக்க, இவர் கண்ணாடிப் பாத்திரத்தை நகர்த்துவதுபோல வேகன்களை நகர்த்துவார். தண்டவாளம் மாற்றிவிடுகிற எங்கள் பாயிண்ட்ஸ்மேன் ஜபார் பாய் என்னிடம் வந்து, "சார், இவரு வேகனைத் தள்ளுறாரா, தடவிக் குடுக்குறாரா?" என்றார். ஆனால் அவர் வந்த பிறகு ஷெட்டில் ஒரு மூட்டைகூடச் சரிந்து கிழியவில்லை. அதை முதலில் கவனித்துச் சொன்னவரும் ஜபார் பாய்தான்.

காலையில் ஷண்டிங் ஆரம்பிக்கும் முன் டிரைவர் ஒரு பிளாஸ்கில் காபியோடு டெட் எண்டுக்குப் போய், கட்டையில் உட்கார்ந்து குடிப்பார். யாரையும் கூப்பிட மாட்டார். ஒருநாள் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிளாஸ்கின் மூடியில் எனக்கும் ஊற்றித் தந்தார்.

"தினம் இங்க வந்துர்றீங்களே, இங்க அப்படி என்னதான் இருக்கு?" என்றேன்.

தன் காபியைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்.

"எஞ்சின்ல நின்னா முன்னால லைன் ஓடிக்கிட்டே இருக்கும் சார். வீட்டுக்குப் போயிப் படுத்துக் கண்ண மூடினாலும் ஓடுது. இங்க வந்து உக்காந்தாத்தான் நிக்குது."

அதன்பின் எப்போதாவது நானும் போய் உட்காருவேன். பேசாமல் இருக்க அவரைப் போல நல்ல துணை எனக்குக் கிடைத்ததில்லை.

கட்டைக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று சொல்லவேண்டும். எப்போதோ அந்த லைனை நீட்டுவதற்காக மண் அடித்து, ஜல்லி போட்டுச் சமன்செய்துவிட்டு, அப்படியே விட்டிருந்தார்கள். நேர்கோடாக, மேடு பள்ளம் இல்லாத நீளமான தரை. அது நெசவாளர்களின் கண்ணில் பட்டுவிட்டது. சின்னாளப்பட்டியிலிருந்து வந்து நாகல் நகரில் குடியிருந்த ஒரு குடும்பம் அங்கே பாவு போட வரும். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூலுக்குத்தான் பாவு என்று பெயர். அதை முழு நீளத்துக்கும் விரித்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரஷ் போட்டு நீவி, வெயில் ஏறுவதற்குள் காயவிட வேண்டும். தெருவில் போட்டால் சைக்கிளும் ஆட்டோவும் விடாது. இங்கே எந்தத் தொல்லையும் இல்லை. நிலம் ரயில்வேயுடையதுதான். ஆனால் தண்டவாளம் இல்லாத நிலம் என்பதால் யாரும் எதுவும் சொல்லவில்லை.

முருகேசன், அவர் மனைவி சரோஜா, முருகேசனின் தம்பி, தம்பி மனைவி என்று நாலு பேர் வேலை செய்வார்கள். எங்கள் தண்டவாளம் முடிந்த இடத்திலிருந்து அவர்கள் நூல் ஆரம்பித்து அதே நேர்கோட்டில் போகும். டிரைவர் காபி குடித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் அவரைக் கண்டால் சரோஜா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கிப் போவாள். சில மாதங்களில், "அண்ணே, காலைத் தூக்குங்க. நூலு மேல நிக்கிறீங்க" என்று அதட்டும் அளவுக்கு வந்துவிட்டாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையை அருகிலிருந்த வேப்பமரக் கிளையில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வேலை பார்ப்பாள். தூளி அசைவது நின்றால் டிரைவர் எழுந்துபோய் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு வருவார்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

அதற்கு முந்தின நாள்தான் மின்கம்பியில் உரசுகிறது என்று யாரோ வந்து வேப்பமரத்தின் கிளைகளை வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் டிரைவர் காபியோடு போனபோது, சரோஜா தூளியை எங்கள் டெட் எண்டின் பின்பக்க இரும்பு முட்டுகளுக்கு நடுவே கட்டியிருந்தாள். மஞ்சள் சேலை. மேலே இன்னொரு துணியை விரித்து நிழலும் பண்ணியிருந்தாள். தூளி கட்டுவதற்கென்றே செய்துவைத்த மாதிரி அது அமைந்துவிட்டது. பிறகு அவர் என்னிடம் சொன்னது இது.

"இங்க கட்டாதம்மா" என்றாராம் டிரைவர்.

"கிளையெல்லாம் வெட்டிப்புட்டாங்கண்ணே. வெயில்ல எங்க போட? இந்தப் பக்கந்தான் வண்டியே வராதே."

"வராதுதான். இருந்தாலும் ஷண்டிங் ஆரம்பிக்கிறதுக்குள்ள எடுத்துரு."

"செத்த நேரந்தாண்ணே. கஞ்சி போட்டதும் எடுத்துர்றேன்."

கஞ்சி போட ஆரம்பித்தால் கையை எடுக்க முடியாது. நின்றால் நூல் ஒட்டிக்கொள்ளும். அவள் பாவின் மறு முனைவரை போய்விட்டாள். ஷண்டிங் ஆரம்பித்துவிட்டது.

டிரைவர் உர வேகன்களைத் தள்ளிக்கொண்டு வந்தார். எஞ்சின் பின்னால், வேகன்கள் முன்னால். நிறுத்தவேண்டிய இடம் டெட் எண்டிலிருந்து நல்ல தொலைவு. அன்று வழக்கத்தைவிடவும் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும் என்று ஜபார் பாயிடம் சொல்லியிருந்தார். நான் கூட்ஸ் ஷெட் மேடையில் நின்றுகொண்டிருந்தேன். ஜபார் பாய் கையைக் காட்டினார், டிரைவர் பிரேக் போட்டார். எஞ்சின் வேகன்களைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தவேண்டிய அந்த நொடியில், எஞ்சினையும் அதையொட்டிய கடைசி வேகனையும் இணைத்த கொக்கி பட்டென்று முறிந்தது. உள்ளுக்குள் எப்போதோ விரிசல் விட்டிருந்த இரும்பு. யாரும் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. எஞ்சின் நின்றுவிட்டது. வேகன்கள் நிற்கவில்லை. எஞ்சினுக்கும் வேகனுக்கும் நடுவில் வெயில் விழுந்த தரை அகலமாகிக்கொண்டே போனதை நான் பார்த்தேன்.

வேகம் அதிகமில்லை. ஓர் ஆள் வேகமாக நடக்கிற வேகம். ஆனால் அந்த லைன் முடிவை நோக்கிக் கொஞ்சம் சரிவு. உள்ளே இருந்தது முழுச் சரக்கு. அப்போதுதான் தடுப்புக் கட்டைக்குப் பின்னால் மஞ்சள் துணி தொங்குவதைக் கவனித்தேன். அது தூளி என்று புரிந்தது. பாவின் மறு முனையில் சரோஜா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தாள். அவளைக் கூப்பிடுவதற்கு வாயைத் திறந்தேன்.

"சார், கத்தாதீங்க" என்றது டிரைவரின் குரல். எஞ்சினிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தார். உரக்கக்கூடச் சொல்லவில்லை. "கை பிரேக். ஓடிப்போயி கை பிரேக்க அமுக்குங்க. ஜபார் பாய், நீங்க அந்தப் பக்கம்."

ஏன் கத்தக்கூடாது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலில் பதற்றமே இல்லை. அதனால் கேட்டேன். மேடையிலிருந்து குதித்து, கடைசி வேகனின் பக்கவாட்டில் இருந்த பிரேக் கம்பியைப் பிடித்து, உடம்பு முழுவதையும் அதன்மேல் போட்டேன். மறுபக்கம் ஜபார் பாயும் அதையே செய்துகொண்டிருந்தார். கம்பி என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இரும்பு கருகுகிற வாடை வந்தது. வேகம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

டிரைவர் எஞ்சினைக் கரி போடும் ஃபயர்மேனிடம் விட்டுவிட்டுக் கீழே குதித்திருந்தார். அவர் என்னைக் கடந்து ஓடியதைப் பார்த்தேன். வேகன்கள் ஒவ்வொன்றையும் கடந்தார். கனத்த பூட்ஸ், ஜல்லியில் ஓட்டம். ஓரிடத்தில் தடுமாறிக் கையை ஊன்றினார், எழுந்தார். முதல் வேகனைத் தாண்டி, தடுப்புக் கட்டையைச் சுற்றிப் பின்னால் போய், தூளிக்குள் இரண்டு கைகளையும் விட்டார்.

பிரேக் கிறீச்சிட்ட சத்தத்தில் சரோஜா திரும்பிப் பார்த்தாள். டிரைவர் எதற்குப் பயந்தாரோ அதையே செய்தாள். பாவின் மேலேயே, நூலை மிதித்துக்கொண்டு, நேராகத் தூளியை நோக்கி ஓடிவந்தாள். தூளியைத் தவிர வேறெதுவும், வந்துகொண்டிருந்த வேகன்கள்கூட, அவள் கண்ணில் பட்டிருக்காது. டிரைவர் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் நாலு எட்டு விலகி நின்று, அப்போதுதான் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார்.

"சரோஜா, இங்க வா. புள்ளை என்கிட்ட இருக்கு. இங்க."

அவள் அந்தப் பக்கம் திரும்பி ஓடினாள். அதே சமயம் வேகன்கள் கட்டையில் போய் மோதின. பெரிய மோதல் என்று சொல்ல முடியாது. ஆனால் கட்டை நடுவில் பிளந்து பின்னால் சாய்ந்தது. ஓர் இரும்பு முட்டு மடங்கியது. மஞ்சள் சேலை அந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கிக் கிழிந்து தொங்கியது. அதற்குப் பிறகு எல்லாம் நின்றது.

குழந்தை அதுவரை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. கண்ணைத் திறந்து, கரி படிந்த முகம் ஒன்று மிக அருகில் இருப்பதைப் பார்த்து வீரிட்டு அழுதது. சரோஜா அதை வாங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முருகேசன் கஞ்சி சொட்டும் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றார். டிரைவர் கொஞ்ச தூரம் தள்ளிப்போய் ஜல்லியின் மேல் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ஜபார் பாய் வாங்கி அவர் வாயில் வைத்துக் குடிக்கவைத்தார்.

மத்தியானம் ஷெட்டின் பின்பக்கம் இரண்டு பேரும் தனியாக இருந்தபோது நான் கேட்டேன். "என்னை ஏன் கத்த வேண்டாம்னீங்க?"

அப்போதுதான் அவர் அந்த எக்ஸ்பிரஸ் சம்பவத்தைச் சொன்னார். அதற்கு முன் விசாரணையில் தவிர வேறெங்கும் சொல்லியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

"ஒரு அம்மா ஆடு ஓட்டிக்கிட்டு லைனத் தாண்டிக்கிட்டு இருந்துச்சு சார். தாண்டிருச்சு. அந்தப் பக்கம் போயிருச்சு. நான் விசில் அடிச்சேன். அந்தச் சத்தத்துல ஒரு குட்டி மெரண்டு லைனுக்கு நடுவுல நின்னுருச்சு. அதத் தூக்கத் திரும்பி வந்துச்சு அந்தம்மா."

"விசில் அடிக்கணும்கிறதுதானே விதி" என்றேன்.

"விதிதான் சார். அடிச்சது தப்புன்னு நானும் சொல்லல. அடிக்காம இருந்து வேற ஏதாவது ஆகியிருந்தா அதுவும் என் தலையிலதான். ஆனா நம்ம ஒருத்தரக் கூப்புட்டா அவுங்க நம்ம நெனைக்கிற பக்கம் ஓட மாட்டாங்க. அவுங்களுக்கு எது உசுரோ அந்தப் பக்கந்தான் ஓடுவாங்க. அத அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

பிள்ளைகளே, இதை நான் எழுதுவதற்குக் காரணம் அந்த ஒரு வாக்கியம்தான். விசில் அடிக்காதீர்கள் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். விசில் அடிக்கவேண்டிய இடத்தில் அடியுங்கள். ஆனால் ஒரு நெருக்கடியில் வாயைத் திறக்கும் முன், நம் சத்தத்தைக் கேட்கிறவர் எந்தப் பக்கம் ஓடுவார் என்று ஒரு மூச்சு நேரம் யோசியுங்கள். நாம் கத்துவது பெரும்பாலும் நம் பயத்தை இறக்கிவைக்கத்தான். அன்று நான் கத்தியிருந்தால் சரோஜா முன்னாலேயே ஓடத் தொடங்கியிருப்பாள். கட்டையும் வேகனும் மோதிய நேரத்தில் அவள் நடுவில் இருந்திருப்பாள். வேலையில் இருந்தவரை, ஏதாவது தப்பாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல் கேட்கும். கத்தாதீங்க, கை பிரேக். கையால் செய்ய என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கறாரானவர் என்று பெயர் எடுத்தவர். அவர் வருவதற்கு முன் என்னிடம் சிலர், தூளி விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடலாமே என்றார்கள். சொன்னால் நெசவாளர்களை அந்த நிலத்திலிருந்து விரட்டிவிடுவார்கள் என்ற பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் தூளியைச் சொல்லாவிட்டால் டிரைவர் எஞ்சினை விட்டு ஏன் இறங்கினார் என்பதற்குப் பதில் இல்லாமல் போய்விடும். நடந்ததை நடந்தபடி சொல்வது என்று முடிவு செய்தேன். முருகேசனிடமும் போய் அதைச் சொன்னேன். "சொல்லுங்க சார். அவரு இல்லைன்னா நாங்க பாவு போட்டு என்னத்துக்கு?" என்றார்.

அதிகாரி டிரைவரைக் கேட்டார். "எஞ்சினை விட்டு இறங்கினது தப்புன்னு தெரியுமா?"

"தெரியும் சார். தப்புதான்."

"நாளைக்கு இதே மாதிரி ஆனா என்ன செய்வீங்க?"

டிரைவர் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். "இறங்குவேன் சார்" என்றார்.

அதிகாரி பேனாவை மூடிவிட்டு, அந்த இடத்தைக் காட்டச் சொன்னார். நாங்கள் கூட்டிப் போனோம். பிளந்த கட்டையை எடுத்துவிட்டுப் புதுக் கட்டை வைத்திருந்தார்கள். இன்னும் சாயம் பூசவில்லை. அதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கால்சட்டையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு அந்தக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். அவர் தண்டவாளத்தையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் நேராகக் கிடந்த வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு காபி குடித்து முடிக்கிற நேரம் அப்படியே இருந்தார்.

"நல்ல எடமா இருக்கே" என்றார். பிறகு எழுந்து, அதிகாரியாகப் பேசினார். "கட்டைக்குப் பின்னால ஆள் நெருங்காதபடி வேலி போடுங்க. நல்லாத் தள்ளிப் போடுங்க. வேலிக்கு அங்கிட்டு என்ன நடக்குதுன்னு நான் பார்க்கல."

டிரைவரை ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். வேலி வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், லைனின் நேர்கோட்டிலிருந்து நன்றாக ஒதுங்கி, தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேன்கள் தூளி கட்டுவதற்காக இரண்டு பழைய மரக்கட்டைகளை நட்டு, குறுக்கே ஒரு கம்பு கட்டி, மேலே தென்னங்கீற்று வேய்ந்து கொடுத்தார்கள். குழி தோண்டியது டிரைவர். ஆழம் போதும் என்று எல்லோரும் சொன்ன பிறகும் தோண்டிக்கொண்டே இருந்தார்.

மிதிபட்டு அறுந்த பாவை என்ன செய்வது என்று முருகேசன் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். இழை இழையாக முடிச்சுப் போட்டுத்தான் சேர்க்கவேண்டும். அதற்கு ஆட்கள் வேண்டும். வேலை முடிந்த சாயங்காலங்களில் ஜபார் பாயும் டிரைவரும் போய் அவர்களோடு உட்கார்ந்தார்கள். முதல் நாள் டிரைவர் தொட்ட நூலெல்லாம் கறுப்பானது. "கையக் கழுவிட்டு வாங்கண்ணே, யாரு இந்தச் சேலையக் கட்டுறது?" என்று சரோஜா அதட்டினாள். அவர் எழுந்துபோய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். நான் நடந்துபோகும்போது பார்ப்பேன். அவ்வளவு பெரிய விரல்கள் அவ்வளவு மெல்லிய நூலை முடிந்துகொண்டிருக்கும். குழந்தை அவர் மடியில் கிடக்கும். இப்போது அவர் முகத்தைப் பார்த்து அழுவதில்லை.

அதற்குப் பிறகு சில மாதங்கள் போயிருக்கும். ஒரு காலை, காபி நேரத்தில் அவர் கேட்டார்.

"பழனி பாசஞ்சருக்கு டிரைவர் பத்தலைன்னு சொன்னாங்களே சார்?"

"ஆமா."

"என் பேரச் சொல்லிப் பாருங்க."

நான் அவர் பக்கம் திரும்பினேன். ஏன் என்று கேட்கவில்லை. முகத்தில் கேள்வி தெரிந்திருக்க வேண்டும்.

"இப்பல்லாம் தூக்கம் வருது சார்" என்றார்.

அவர் பழனி பாசஞ்சரை எடுத்துக்கொண்டு போன முதல் நாள் நான் டியூட்டியில் இருந்தேன். அடுத்த ஸ்டேஷன்வரை போக அனுமதி என்பதற்கு அடையாளமாக அந்தக் காலத்தில் ஒரு வளையத்தை டிரைவர் கையில் கொடுப்போம். மற்ற நாட்களில் அதை நீட்ட ஓர் ஆள் இருப்பார். அன்று நானே போனேன். எஞ்சினில் நின்றபடி கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கெட்டியாகப் பிடித்திருந்தார். "வாரேன் சார்" என்றார். "போயிட்டு வாங்க" என்றேன். வண்டி மேற்கே திரும்பி மறையும்வரை பிளாட்பாரத்தில் நின்றேன். அன்று பகல் முழுவதும் போன் அடித்தபோதெல்லாம் எழுந்துபோய் நானே எடுத்தேன். எல்லாம் வேறு விஷயங்கள்.

சாயங்காலம் திரும்பும் வண்டி தாமதம். எவ்வளவு தாமதம், எதனால் என்று சரியான தகவல் இல்லை. ஜபார் பாய் டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், விளக்குக்கு எண்ணெய் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக மேற்கே புகை தெரிந்தது. வண்டி வந்து நின்றது. ஜனங்கள் இறங்கினார்கள். கடைசியில் டிரைவர் இறங்கினார். முகமெல்லாம் கரி. நேராக என்னிடம் வந்தார்.

"ஒட்டன்சத்திரத்துல தக்காளிக் கூடை ஏத்துறேன், தக்காளிக் கூடை ஏத்துறேன்னு வண்டிய விடவே மாட்டேங்குறாங்க சார். கேட்டா, ‘ஏனுங்க, ஒரே நிமிசமுங்க’ங்கிறாங்க. ஒரு நிமிசமா அது? அப்புறம் கரி. அத கரின்னு சொல்றதா, மண்ணுன்னு சொல்றதா? லேட்டுக்கு என்னைய எழுதச் சொல்லாதீங்க, சொல்லிட்டேன்."

மெயின் லைன் டிரைவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். ஸ்டேஷனில் இறங்கியதும் யாரையாவது குறை சொல்லாமல் ஒருவரும் வீட்டுக்குப் போனதில்லை. இவர் வந்து இத்தனை காலத்தில் எதைப் பற்றியும் ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஜபார் பாய் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"சாப்டீங்களா?" என்றேன்.

"எங்க சார் சாப்ட? பசி உசுரு போகுது."

ஸ்டேஷனுக்கு வெளியே ஜபார் பாயின் சொந்தக்காரர் ஒருவர் பிரியாணிக் கடை வைத்திருந்தார். மூன்று பேரும் போனோம். டிரைவர் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, இலையில் சோறு விழுவதற்குள் தக்காளிக் கூடைக் கதையை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். நாங்கள் இருவரும் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.